சோதனை வரவில்லையா? தொடக்க வகுப்பு அறிவியல் செயல்பாடுகள்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

முப்பது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பார்க்கும்போது பலூன் ஊதாமல் தொங்கினால், ஆசிரியர் முதலில் சந்தேகப்படுவது தன் செய்முறையை. பெரும்பாலும் அது காரணமாக இருப்பதில்லை. தண்ணீர், காற்றின் ஈரம், பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெய் அல்லது சோப்பு, கடையில் மாற்றிக் கொடுத்த பொருள் ஆகிய நான்கில் ஒன்று கெடுத்திருக்கும். தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்பில் சோதனைப் பொருள் பெரும்பாலும் மளிகைக் கடையிலிருந்துதான் வருகிறது. அதனால் இந்த நான்கையும் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

பொது விதி ஒன்று: வகுப்புக்கு முந்தின நாள், அதே அறையில், அதே குழாய்த் தண்ணீரில், அதே நேரத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். வீட்டுச் சமையலறையில் வந்தது பள்ளியில் வராமல் போகலாம். வரவில்லையென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தண்ணீரையும் சோடாவையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி யாரென்று தெரியாது.

சீப்பு காகிதத் துண்டை இழுக்கவே இல்லை

எல்லாரும் முதலில் கொடுக்கும் செயல்பாடு இது. நம் ஊரில் அதிகம் சொதப்புவதும் இதுதான்.

முதலில் தலைமுடியைப் பாருங்கள். காலையில் தேங்காய் எண்ணெய் தடவி வாரிய தலையில் சீப்பை எத்தனை முறை தேய்த்தாலும் பயனில்லை. எண்ணெய்ப் படலம் சீப்பில் ஏறிவிடும், மின்னூட்டம் சேராது. அந்தச் சீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் மறுபடி பயன்படுத்த முடியும். தலையை விட்டுவிட்டுப் பாலியஸ்டர் துணி அல்லது கம்பளித் துணியில் தேய்க்கலாம். பருத்தித் துண்டு அந்த அளவுக்கு உதவாது, அது ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்.

எண்ணெய் இல்லை, துணியும் சரி, ஆனாலும் இழுக்கவில்லை என்றால் காற்றில் ஈரம் அதிகம். சீப்பின் மேலும் காகிதத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, சேர்ந்த மின்னூட்டத்தைக் கசியவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்தப் பாடம் வந்தால் பாடத்தைத் தை, மாசிக்குத் தள்ளிவைப்பதுதான் புத்திசாலித்தனம். தள்ள முடியாதென்றால் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மதுரை, சேலம் போன்ற உள்மாவட்டங்களில் பிற்பகல் 2 மணிக்கு மேல் காற்று காய்ந்திருக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். அங்கே 11 மணி வாக்கில், கடற்காற்று திரும்புவதற்கு முன் முடித்துவிடுங்கள். சீப்பு, துணி, காகிதம் மூன்றையும் பத்து நிமிடம் வெயிலில் போட்டு எடுத்து உடனே செய்தால் வித்தியாசம் தெரியும்.

காகிதத் துண்டு பெரிதாக இருப்பதும் ஒரு காரணம். நோட்டுத் தாளை விரல்நகம் அளவுக்குக் கிழித்துப் போட்டால் எடை அதிகம். செய்தித்தாளை 2, 3 மில்லிமீட்டர் அளவுக்குத் துணுக்குகளாக்குங்கள். சீப்புக்குப் பதில் மின்கம்பி இழுக்கும் பி.வி.சி. குழாய் ஒரு அடி நீளம் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பாலியஸ்டரில் ஒரே திசையில் இருபது முறை தேய்த்தால் சீப்பைவிடப் பலமாக இழுக்கும்.

சில துணுக்குகள் ஒட்டிய வேகத்தில் துள்ளி விழும். அது பழுதில்லை. சீப்பைத் தொட்டதும் துணுக்குக்கும் அதே வகை மின்னூட்டம் வந்துவிடுகிறது. அதனால் சீப்பு அதைத் தள்ளிவிடுகிறது. பிள்ளைகள் இதைச் சுட்டிக்காட்டினால் நிறுத்தி, திரும்பத் திரும்பச் செய்து காட்டுங்கள். பாடத்தில் இருப்பதைவிட இது சுவையான விஷயம்.

பலூன் ஊதவில்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது

பாட்டிலில் வினிகர், பலூனுக்குள் ஆப்ப சோடா; பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா உள்ளே விழுந்து பொங்கும். அளவு முதலில். அரை லிட்டர் பாட்டில், 4 சதவீத அமிலம் என்று அச்சிட்ட செயற்கை வினிகர் 100 மில்லி, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா (ஏறக்குறைய 5 கிராம்). இந்த அளவு கிட்டத்தட்ட 1.4 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு தரும். கொஞ்சம் திரவத்திலேயே கரைந்துபோனாலும் பலூன் 13 சென்டிமீட்டர் அகலத்துக்கு உப்ப வேண்டும். உப்பவில்லையென்றால்:

நுரையே குறைவாக வந்து திரவம் வெண்மையாகக் கலங்கியிருந்தால் கடைக்காரர் பேக்கிங் பவுடர் கொடுத்திருக்கிறார். அதில் மாவுப்பொருளும் உலர்ந்த அமிலமும் கலந்திருக்கும், சோடா பாதிகூட இருக்காது. கண்டுபிடிப்பது சுலபம். அரைக் கரண்டியை வெறும் தண்ணீரில் போடுங்கள். பொங்கினால் பேக்கிங் பவுடர், சும்மா கரைந்தால் ஆப்ப சோடா. சலவை சோடாவைத் தவறுதலாகக்கூட வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள், தோலையும் கண்ணையும் அரிக்கும்.

நுரை நன்றாக வந்தும் பலூன் சிறியதாகவே நின்றால், அளவில் எது குறைந்தது என்று பாட்டிலில் மிஞ்சிய திரவத்தையே கேளுங்கள். அதில் ஒரு சிட்டிகை சோடா போட்டால் மறுபடி பொங்குகிறதா? அப்படியென்றால் சோடா போதவில்லை. சோடாவுக்குப் பொங்காமல் வினிகர் ஊற்றினால் பொங்குகிறதா? வினிகர் போதவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தாங்களே செய்து தீர்ப்புச் சொல்ல முடியும்.

பலூனுக்குள் கொட்டிய சோடா கழுத்தில் அடைத்துக்கொண்டு இறங்காமல் நிற்பது மழைக்காலப் பிரச்சினை. சோடா ஈரம் வாங்கிக் கட்டியாகியிருக்கும், அல்லது வாயால் ஊதிப் பார்த்த பலூனுக்குள் எச்சில் ஈரம் இருக்கும். பலூனை முன்னதாக ஒருமுறை ஊதித் தளர்த்துவது நல்லதுதான்; ஆனால் முந்தின நாளே ஊதி, உலரவிடுங்கள். சோடாவைக் காகிதக் கூம்பு வழியாகக் கொட்டுங்கள்.

நுரை பொங்கிப் பலூனுக்குள்ளேயே ஏறினால் பாட்டிலில் பாத்திரம் கழுவும் சோப்பு மிஞ்சியிருக்கிறது. வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் உப்பிய பலூன் ஒரு நிமிடத்தில் சுருங்கினால் பாட்டில் வாயில் கசிவு. ரப்பர் பேண்டை இரண்டு சுற்று போடுங்கள். எந்த நிலையிலும் பாட்டிலை மூடி போட்டுத் திருகக் கூடாது.

வினிகருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு வேலை செய்யும். ஆனால் ஒரு சிறிய பழம் 15, 20 மில்லிதான் தரும் என்பதால் ஒரு பலூனுக்கு நான்கைந்து பழம் வேண்டும். புளிக்கரைசலில் சோடா பொங்கும், பலூனை ஊதும் அளவுக்கு வராது. முடிந்ததும் பாட்டிலின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வினை வெப்பத்தை உறிஞ்சுவதால் சில்லென்று இருக்கும்.

மஞ்சள் காகிதம் சிவக்கவில்லை; செம்பருத்திச் சாறு தொடக்கத்திலேயே மங்கிப்போனது

மஞ்சள் காகிதம் சிவப்பது பிள்ளைகளுக்குப் புதிதில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வினைதான். அதைச் சொல்லித் தொடங்கினால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

வெளுத்த காகிதம் வருகிறது என்றால், மஞ்சளை வெறும் தண்ணீரில் கரைத்திருக்கிறீர்கள். நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை இரண்டு மேசைக்கரண்டி ஆல்கஹால் கலந்த சானிடைசரில் குழைத்து, தெளிந்த மேல்பகுதியை வடிதாளிலோ செய்தித்தாளின் அச்சில்லாத ஓரத்திலோ தடவி நிழலில் உலர்த்துங்கள். இதை ஆசிரியர் முன்கூட்டியே, அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில் செய்து வைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தாலோ சன்னலோரம் வைத்தாலோ நிறம் போய்விடும். பழைய நோட்டுக்குள் வைத்து அலமாரியில் மூடிவிடுங்கள்.

காகிதம் நன்றாக இருந்தும் சிவக்கவில்லையா? சோப்பைப் பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவங்களில் பல கிட்டத்தட்ட நடுநிலையானவை, அவற்றில் மஞ்சள் மாறாது. துணி துவைக்கும் கட்டி சோப்பைத் தேய்த்த தண்ணீர் வேண்டும். ஆப்ப சோடாக் கரைசல் மிக மெல்லிய காரம். மஞ்சள் நிறம் மாறத் தொடங்கும் எல்லையிலேயே அது நிற்பதால் லேசான ஆரஞ்சுதான் கிடைக்கும். ‘சோடா காரம்’ என்று சொல்லிவிட்டு இந்த அரைகுறை நிறத்தைக் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். வெற்றிலைச் சுண்ணாம்பு அருமையாகச் சிவக்க வைக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆசிரியர் கை மட்டும் தொடட்டும். சிவந்த காகிதத்தில் எலுமிச்சைச் சொட்டு விட்டால் மஞ்சளாகத் திரும்பும்.

செம்பருத்தி இதழ்களை வெந்நீரில் போட்டதும் சாறு அழுக்குப் பச்சையாக வந்தால், அது போர்வெல் தண்ணீரின் வேலை. நம் ஊர் நிலத்தடி நீரில் பல இடங்களில் பைகார்பனேட் அதிகம்; ஏற்கெனவே லேசான காரம். கொதிக்க வைத்தால் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, காரத்தன்மை இன்னும் கூடும். கேன் தண்ணீர் அல்லது மழைநீர் எடுத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால்தான் போர்வெல் தண்ணீர்க் கரைசலில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் நிறம் மாறாமல், பத்துச் சொட்டு கேட்கும்.

வேலிச் சங்குப்பூ கிடைத்தால் அதையே எடுங்கள். நீலப் பூ பத்து, அரை டம்ளர் வெந்நீர், ஐந்து நிமிடம். எலுமிச்சைக்கு ஊதாவாகவும் பிறகு இளஞ்சிவப்பாகவும், சோப்புத் தண்ணீருக்குப் பச்சையாகவும் மாறும், செம்பருத்தியைவிடத் தெளிவு. வெள்ளைச் சங்குப்பூ பயன்படாது. சாறு மறுநாளைக்குத் தாங்காது, புளித்துவிடும்.

மெழுகுவர்த்தி அணைந்தது, தண்ணீர் ஏறவில்லை

தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நிறம் கலந்த தண்ணீர், நடுவில் 3 சென்டிமீட்டர் மெழுகுவர்த்தித் துண்டு, மேலே உயரமான கண்ணாடி டம்ளர். தண்ணீர் ஏறவில்லையென்றால் டம்ளரின் விளிம்பு தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். விளிம்புக்கு அடியில் இரண்டு நாணயம் வைத்து வழி விடுங்கள். ஏறியது பாதியில் நின்று குமிழி வந்தால் தட்டில் தண்ணீர் தீர்ந்து காற்று புகுந்திருக்கிறது.

இங்கே பெரிய பழுது செய்முறையில் இல்லை, விளக்கத்தில்தான். ‘ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தைத் தண்ணீர் நிரப்பியது’ என்று பல வழிகாட்டிகளில் இன்னும் எழுதியிருக்கிறது. அது தவறு. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்குள்ளேயே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உருவாகின்றன. டம்ளரைக் கவிழ்க்கும்போது உள்ளே சூடாகி விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சில நேரம் விளிம்பில் குமிழியாகவே தெரியும். சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

எப்போது ஏறுகிறது என்று பார்க்கச் சொன்னாலே போதும். சுடர் எரியும்போது தண்ணீர் பெரும்பாலும் அசையாது. அணையும் தருணத்தில்தான் விறுவிறுவென்று ஏறும். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணமென்றால் எரிய எரிய, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்க வேண்டுமே! அடுத்து, அதே டம்ளருக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஆக்சிஜன் அதே அளவுதான், சூடு அதிகம்; தண்ணீர் அதிகம் ஏறும்.

தீக்குச்சி ஆசிரியர் கையில் மட்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். துப்பட்டா, பின்னல் இரண்டும் பின்னால்.

டம்ளருக்குள் வைத்த காகிதம் நனைந்துவிட்டது

கவிழ்த்த டம்ளரை வாளித் தண்ணீரில் அழுத்தும் சோதனை. பெரும்பாலும் காகிதம் தண்ணீருக்குள் நனைவதில்லை, வெளியே எடுத்த பிறகுதான் நனைகிறது. மேலே தூக்கியவுடன் பிள்ளை டம்ளரை நிமிர்த்தும்; விளிம்பில் ஒட்டியிருந்த தண்ணீர் உள்ளே ஓடும். தூக்கிய பின் கவிழ்ந்த நிலையிலேயே வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, உலர்ந்த கையால் காகிதத்தைக் கீழ்நோக்கி இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். காகிதம் நழுவி விழுந்தால் இன்னும் பெரிய தாளாகக் கசக்கி அடியில் இறுக்குங்கள். சாய்த்து அழுத்தினால் ‘பளக்’ என்று குமிழி வெளியேறும், அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அதை ஒருமுறை வேண்டுமென்றே செய்து காட்டலாம்.

நிறையத் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வாயை அட்டையால் மூடிக் கவிழ்க்கும் சோதனையில் தண்ணீர் கொட்டினால், அட்டை ஊறி வளைந்திருக்கும், அல்லது எவர்சில்வர் டம்ளரின் வாய் நசுங்கியிருக்கும். அஞ்சலட்டை கனமுள்ள வழவழப்பான அட்டை, நெளியாத டம்ளர். மெல்லிய பிளாஸ்டிக் கப் வேண்டாம், கை அழுத்தியதும் கொட்டிவிடும்.

முட்டை மிதக்கவில்லை

ஒரு டம்ளர் தண்ணீருக்கு (250 மில்லி) தூள் உப்பு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 35 கிராம் அளவுக்கு வேண்டும். ஒரு சிட்டிகை, ஒரு கரண்டி என்று போட்டால் நடக்காது. கல் உப்பு என்றால் கரைய நேரமாகும். அடியில் படிந்த உப்பு கணக்கில் சேராது. வெதுவெதுப்பான தண்ணீரில் முன்பே கரைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் தண்ணீரிலேயே முட்டை மிதந்துவிட்டால் அது பழைய முட்டை, ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரம் போய்க் காற்றறை பெரிதாகிவிட்டது. நடுவில் அந்தரமாக நின்றால் மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர் என்று அடுக்காகிவிட்டது. கலக்குவதற்கு முன் எல்லாரும் ஒருமுறை பார்க்கட்டும். சத்துணவில் வரும் வேகவைத்த முட்டையும் உதவும், ஓட்டில் விரிசல் இருக்கக் கூடாது. முட்டை வேண்டாம் என்றால் உருளைக்கிழங்குத் துண்டு போடலாம். அதற்கு உப்பு சற்றுக் கூடக் குறைய ஆகலாம்.

எல்.இ.டி. எரியவில்லை

ஒரு பென்சில் செல்லை மட்டும் இணைத்திருந்தால் எரியாது. செல் 1.5 வோல்ட், சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் அளவுக்கும் வெள்ளைக்கு 3 வோல்ட் அளவுக்கும் தேவை. இரண்டு செல்லைத் தொடராக வைத்து, நீளமான காலை நேர்முனையில் இணையுங்கள். எரியவில்லையென்றால் கால்களைத் திருப்பிப் போடுங்கள். வெள்ளை எல்.இ.டி. இரண்டு செல்லில் நேரடியாக எரியும். சிவப்புக்கு நடுவே 100 ஓம் மின்தடை ஒன்று வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் மின்தடை இல்லாமல் இணைத்தால் ஒரே மின்னலில் போய்விடும்.

இன்னும் எரியவில்லையா? மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பி என்றால் அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கும். பளபளவென்று வெறும் செம்பு போலவே தெரிவதால் எல்லாரும் ஏமாறுவது இதில்தான். இரு முனையையும் உப்புத்தாளால் சுரண்டுங்கள். கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்த செல்லை நம்பாதீர்கள். கடிகாரத்துக்கு மிகக் குறைந்த மின்னோட்டம் போதும், பல்புக்கு அது போதாது. செல் சுட்டால் எங்கோ கம்பியும் கம்பியும் தொடுகின்றன, உடனே கழற்றுங்கள்.

பொம்மைகளிலும் ரிமோட்டிலும் வரும் பொத்தான் செல்லை இந்த வகுப்புகளில் கொடுக்கவே கூடாது. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

பயறு முளைக்கவில்லை, நாற்றம் வருகிறது

தண்ணீர் அதிகம். பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், பயறு மூழ்கக் கூடாது. மூழ்கினால் வேர் எட்டிப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் கிடைக்காமல் அழுகும். முழுப் பச்சைப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, கழுவிய பஞ்சில் பரப்பினால் மறுநாள் வேர் முனை தெரியும். திங்கட்கிழமை தொடங்குங்கள். வியாழக்கிழமை தொடங்கினால் சனி, ஞாயிறில் காய்ந்துபோகும். மல்லி முளைக்கவில்லையென்றால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். முளை வெளிறி, ஒல்லியாக, நெட்டையாக வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை. விதைக் கடையிலிருந்து வரும் சாயம் பூசிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி இருக்கும், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

காசித்தும்பைத் தண்டில் நிறம் ஏறவில்லை

வெட்டிய முனையில் காற்று புகுந்து அடைத்திருக்கும். தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டி, உடனே சிவப்பு மை கலந்த தண்ணீருக்கு மாற்றுங்கள். மூடிய அறை மூலையில் வைக்காமல் காற்றும் வெளிச்சமும் படும் சன்னலோரம் வையுங்கள். இலையிலிருந்து நீர் ஆவியானால்தான் தண்டு இழுக்கும். இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு வைத்தால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

மிளகுத்தூள் இரண்டாவது முறை ஓடவில்லை

தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூள் தூவி, சோப்புத் தொட்ட விரலை வைத்தால் தூள் விலகி ஓடும் சோதனை இது. முதல் முறை விட்ட சோப்பு தண்ணீரின் மேல்பரப்பில் இருக்கிறது. தண்ணீரைக் கொட்டி, தட்டை நன்றாக அலசி, புதிதாகத் தொடங்க வேண்டும். குழுவுக்கு ஒரு தட்டு, ஆளுக்கொரு முறை என்றால் பக்கத்திலேயே அலசும் வாளி இருக்கட்டும். சோப்புத் தொட்ட விரலோடு அடுத்த பிள்ளை மிளகுத்தூள் தூவினால் தொடங்கும் முன்பே கெட்டுவிடும்.

காந்தம் ‘இரும்பில்’ ஒட்டவில்லை

எவர்சில்வர் டம்ளரில் பெரும்பாலும் ஒட்டாது. அதில் இரும்பு இருந்தாலும், நிக்கலோ மாங்கனீசோ சேர்ந்த வகைகளின் உள்ளமைப்பு காந்தத்துக்கு இசைவதில்லை. சில கரண்டி, கத்திகளில் ஒட்டும். அவை வேறு வகை எஃகு. ‘இரும்பு எல்லாம் ஒட்டும்’ என்று கரும்பலகையில் எழுதுவதற்கு முன் வகுப்பில் உள்ள பாத்திரங்களைச் சோதித்துவிடுங்கள். நாணயத்திலும் அப்படித்தான்: பழைய தடித்த 5 ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது, இப்போது புழங்கும் ஒரு ரூபாய் எஃகு, ஒட்டும்.

மணலில் இழுக்கும் கருந்துகள் காந்தத்தில் அப்பிக்கொண்டு கழல மறுத்தால் செலோடேப்பை ஒட்டி உரியுங்கள். அடுத்த முறை காந்தத்தை ஒரு பாலித்தீன் உறைக்குள் போட்டு மணலில் துழாவச் சொல்லுங்கள். உறையைத் திருப்பிக் காந்தத்தை வெளியே இழுத்தால் துகள் அத்தனையும் காகிதத்தில் கொட்டிவிடும்.